முதிய காவல் நாய்க்கு மூட்டு வலி: குறைந்த செலவில் நிவாரணம் காணும் வழிகள்

உழவர் வீட்டில் கறவை மாட்டுக்கும் உழவு மாட்டுக்கும் கிடைக்கும் கவனம் காவல் நாய்க்குக் கிடைப்பதில்லை. தொழுவத்தையும் மோட்டார் கொட்டகையையும் களத்து நெல்லையும் இரவெல்லாம் காத்து நிற்பது அதுவே. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் கறவை மாடு வளர்ப்போரும், அதற்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் நெல் பயிரிடும் சிறு உழவர்களும் பெரிய இன நாய்களை வைத்திருக்கிறார்கள். துறைமுகக் கிடங்குகளிலும் தொழிற்சாலை வாயில்களிலும் அத்தகைய நாய்கள் காவலுக்கு உள்ளன. அல்சேஷன், லாப்ரடார், டாபர்மேன், ராட்வைலர், நம் நாட்டு இனமான ராஜபாளையம், இவற்றின் கலப்பினங்கள் ஆகியவை இவற்றுள் அடங்கும்.

இந்த நாய்கள் ஏழு எட்டு வயதைத் தாண்டியதும் எழுந்திருக்கச் சிரமப்படுகின்றன. பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. "வயதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. சிலர் நாயைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் மருந்துக் கடையில் தமக்கு வாங்கும் வலி மாத்திரையையே நாய்க்கும் கொடுத்து அதன் உயிருக்கே ஆபத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தேவையற்றவை. மூட்டுத் தேய்மானத்தை முற்றிலும் குணப்படுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் வலியைப் பெருமளவு குறைத்து, நாயை மேலும் சில ஆண்டுகள் நடமாட வைக்க முடியும். அதற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி பணம் அல்ல, ஒழுங்கான கவனிப்பே.

நோய் எப்படி உண்டாகிறது?

எலும்புகள் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு உறைபோல மூடியிருக்கிறது. அதன்மேல் மூட்டு நீர் எண்ணெய்போல் நின்று உராய்வைத் தடுக்கிறது. வயது, அதிக எடை, பழைய காயம், பிறவியிலேயே அமைந்த மூட்டுக் கோளாறு ஆகிய காரணங்களால் குருத்தெலும்பு தேய்கிறது. தேய்ந்த இடத்தில் அழற்சி ஏற்பட்டு மூட்டு வீங்குகிறது. பின்னர் எலும்பின் ஓரங்களில் முள்போன்ற வளர்ச்சிகள் தோன்றுகின்றன. வலி இருப்பதால் நாய் நடப்பதைக் குறைக்கிறது. நடை குறைந்ததால் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்ததால் மூட்டுக்குத் தாங்குதல் குறைந்து வலி மேலும் கூடுகிறது. இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுப்பதே சிகிச்சையின் நோக்கம்.

பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு மிகுதி. இடுப்பு மூட்டு ஒரு கிண்ணத்தில் பந்து பொருந்தியதுபோல் அமைந்தது. பரம்பரைக் குறைபாட்டால் கிண்ணம் ஆழமில்லாமல் போனால் பந்து தளர்ந்து ஆடும். ஆடும் மூட்டு விரைவில் தேயும். நாய்களில் இக்கோளாறு 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. அல்சேஷன், லாப்ரடார், ராட்வைலர் இனங்களில் இது அதிகம் காணப்படுகிறது. மெலிந்த, நீண்ட உடலமைப்புள்ள ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற இனங்களில் எடைச் சுமை குறைவு. ஆயினும் முதுமையிலும், அடிபட்ட மூட்டுகளிலும் அவற்றுக்கும் தேய்மானம் வரும்.

இப்பகுதியில் நோயைக் கூட்டும் காரணங்கள் சில உண்டு. கிடங்குகளின் வழவழப்பான சிமெண்ட் தளம், பழைய வீடுகளின் கடப்பைக் கல் தரை, மூத்திரமும் சாணமும் கலந்து ஈரமாக இருக்கும் தொழுவத் தரை ஆகியவற்றில் நாயின் கால் வழுக்குகிறது. ஒவ்வொரு வழுக்கலும் மூட்டைத் திருகுகிறது. நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதால் தசை வலுவிழக்கிறது. ஓட்டல் மிச்சமும் பிரியாணிச் சோறும் தின்று உடல் பருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் தரையில் படுப்பதால் மூட்டு விறைக்கிறது.

அறிகுறிகள்

நாய் வலியால் கத்தாது. எனவே பின்வரும் மாற்றங்களைக் கவனிக்க வேண்டும்.

1. காலையில் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொள்ளும். சில அடிகள் நடந்த பிறகு நடை சற்று சீராகும்.
2. படி ஏறவும் திண்ணையில் தாவவும் தயங்கும்.
3. ஓடும்போது இரு பின்னங்கால்களையும் ஒன்றாக வைத்து முயல்போலத் தாவும்.
4. ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்கும்.
5. பின்தொடைச் சதை வற்றி, முன்தோள்கள் மட்டும் பருத்துத் தெரியும். நாய் சாதாரணமாக நிற்கும்போதே உடல் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. பின்கால் வலித்தால் இன்னும் கூடுதலான பாரத்தை முன்னே தள்ளிவிடும்.
6. முதுகையோ இடுப்பையோ தொட்டால் உறுமும், கடிக்க வரும்.

கடைசியாகச் சொன்னது முக்கியமானது. பல ஆண்டுகள் சாதுவாக இருந்த நாய் குழந்தை மேலே விழுந்ததும் கடித்துவிட்டது என்றால், அது குணம் மாறியதால் அல்ல, வலியால் நேர்ந்ததாக இருக்கலாம். மூட்டு வலியுள்ள நாயின் மீது குழந்தைகள் ஏறி விளையாடவோ, தூங்கும்போது அதைத் தொடவோ விடக்கூடாது.

எல்லா நொண்டலும் மூட்டுத் தேய்மானம் அல்ல

சிகிச்சை தொடங்கும் முன் ஒருமுறையாவது கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். உண்ணிக் காய்ச்சலில் மூட்டுகள் வீங்கி நாய் மாறி மாறிக் கால் நொண்டும். காய்ச்சலும் பசியின்மையும் உடனிருக்கும். இதற்கு மருந்து வேறு. முழங்கால் தசைநார் அறுந்தால் ஒரே நாளில் காலைத் தூக்கிக்கொள்ளும். பெரிய இன முதிய நாய்களில் ஒரே காலில் கெட்டியான வீக்கம் தோன்றி நாளுக்கு நாள் பெருத்தால் எலும்புப் புற்றாக இருக்கக்கூடும். முதுகுத் தண்டு நோயில் வலி இல்லாமலேயே பின்கால்கள் துவண்டு, பாத நகங்கள் தரையில் உரசும்.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது வெறிநோய். தடுப்பூசி போடாத நாய்க்குத் திடீரென்று இரண்டொரு நாளில் பின்கால் வாதம் ஏற்பட்டு, வாய் தொங்கி எச்சில் வடிந்தால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாயில் கைவிடக்கூடாது. மூட்டு வலி மாதக் கணக்கில் மெல்ல வருவது. வெறிநோய் வாதம் சில நாட்களில் முற்றும். ஐயம் எழுந்தால் நாயைத் தனியே அடைத்து உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ கீறலோ எச்சிலோ பட்டவர்கள் அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

1903-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் உள்ளது. அங்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் வசதி உண்டு. 1989-இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. கிராமங்களில் இருப்போர் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை நாடலாம். தனியாரிடம் பலமுறை சென்று ஊசி போட்டுக்கொள்வதைவிட, ஒருமுறை முறையாக ஆய்வு செய்து நோயை உறுதிப்படுத்திக்கொள்வதே சிக்கனம்.

முதல் மருந்து எடைக் குறைப்பு

மூட்டு வலிக்கு இதைவிடப் பயனுள்ள, செலவில்லாத வழி வேறில்லை. செலவு கூடுவதற்குப் பதில் தீனிச் செலவு குறைகிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து வாழ்நாள் முழுவதும் கவனித்து ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாகத் தீனி அளித்தனர். 2002-இல் வெளியான முடிவின்படி, குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு. மற்றவற்றின் ஆயுள் 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் குறைவாகத் தின்றவற்றில் காலம் தாழ்ந்தே தோன்றியது. பருத்த நாய்களில் நடந்த மற்றோர் ஆய்வில், உடல் எடையில் சுமார் 6 விழுக்காடு குறைந்த அளவிலேயே நொண்டல் குறையத் தொடங்கியது. 40 கிலோ நாய்க்கு இது இரண்டரை கிலோவுக்கும் சற்றுக் குறைவு.

நாய் பருத்திருக்கிறதா என்று அறிய விலா எலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். கை முட்டியை மடக்கி அதன் கணுக்களைத் தடவினால் எலும்பு துருத்தித் தெரிகிறதல்லவா? விலா அப்படித் தெரிந்தால் நாய் மெலிந்திருக்கிறது. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவினால் எலும்பு மெல்லத் தட்டுப்படும். விலா அப்படி இருந்தால் சரியான எடை. உள்ளங்கையைத் தடவுவதுபோல் எலும்பே தட்டுப்படாவிட்டால் நாய் பருத்திருக்கிறது. எடை போட, பழைய இரும்புக் கடையிலோ கிடங்கிலோ உள்ள மேடைத் தராசு போதும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். வாரத்திற்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு, அதாவது 40 கிலோ நாய்க்கு 400 முதல் 800 கிராம் வரை குறைந்தால் போதும். பட்டினி போட்டு விரைவில் இளைக்க வைப்பது தசையையும் கரைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 34 கிலோ இருக்க வேண்டிய நாய் 40 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடை குறைக்கும் காலத்தில் அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 முதல் 1,000 கலோரி போதும். கீழ்க்காணும் உணவை இரண்டு வேளையாகப் பிரித்து அளிக்கலாம்.

அரிசி 100 கிராம் (வேகவைத்தது)
மத்தி அல்லது சாளை மீன் 250 கிராம் (வேகவைத்தது)
முட்டை 1 (வேகவைத்தது)
பருப்பு 25 கிராம்
பூசணி, சுரைக்காய், கேரட் போன்ற காய் 150 கிராம்

காசிமேட்டில் மத்தி மலிவாகக் கிடைக்கும் நாட்களில் இது கட்டுப்படியாகும். மத்தி, நெத்திலி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு மூட்டு அழற்சியைத் தணிக்கிறது. மீன் எண்ணெய் சேர்த்த தீனி தின்ற நாய்களின் நடையில் முன்னேற்றம் ஏற்பட்டதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மீனைக் குக்கரில் உப்பு, மசாலா இல்லாமல் நன்றாக வேகவைத்தால் முள் மென்மையாகிச் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். பெரிய மீனின் முள்ளை நீக்கிவிட வேண்டும். சில வகை மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் அவற்றிலுள்ள நொதி பி-1 உயிர்ச்சத்தை அழித்துவிடும். ஆகவே வேகவைத்தே கொடுக்க வேண்டும். கெட்டுப்போன மீன் கழிவும், உப்பு மிகுந்த கருவாடும் கூடாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். இந்த உணவை மாதக் கணக்கில் தொடர்வதாயின், மருத்துவரிடம் காட்டிக் குறைவுள்ள தாது, உயிர்ச்சத்துகளைச் சேர்த்துக்கொள்வது நலம்.

வீட்டில் ஆளுக்கு ஒருவராக ரொட்டித் துண்டும் பிஸ்கட்டும் போடுவதை நிறுத்தாவிட்டால் மேற்கண்ட அளவுகள் பயன் தரா. நாய்க்குத் தீனி வைக்கும் பொறுப்பை ஒருவரே ஏற்பது நல்லது.

படுக்கையும் தரையும்

வெறும் சிமெண்டில் படுத்தால் முழங்கையில் காய்ப்பும் புண்ணும் தோன்றும், மூட்டும் விறைக்கும். இரண்டு கோணிப்பைகளில் காய்ந்த வைக்கோலைத் திணித்துத் தைத்தால் ஒரு மெத்தை கிடைக்கும். மூன்று, நான்கு அங்குலக் கனம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை வெயிலில் காயவைத்து, மாதம் ஒருமுறை வைக்கோலை மாற்றினால் உண்ணி, தெள்ளுப்பூச்சி சேராது. துறைமுகப் பகுதியில் சரக்கு ஏற்றிவந்த மரத்தட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதன்மேல் மெத்தையைப் போட்டால் மழைக்காலத்தில் ஈரம் ஏறாது. ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இரசாயனம் கொட்டிய கறை இருந்தால் அந்தத் தட்டைப் பயன்படுத்தக்கூடாது. பூச்சிமருந்து, உரம், இரசாயனம் வைத்திருந்த சாக்குகளும் வேண்டாம். அரிசி, தவிடு வந்த கோணியே ஏற்றது.

நாய் எழுந்து நடக்கும் வழியில் தேங்காய் நார் மிதியடி, பழைய ரப்பர் மாட்டுப் பாய் அல்லது கோணியை நகராதபடி விரிக்க வேண்டும். படுக்கை முதல் தண்ணீர்ச் சட்டி வரை, அங்கிருந்து வாசல் வரை விரித்தால் போதும், தளம் முழுவதும் தேவையில்லை. பழைய மீன் வலையை விரித்தால் நகம் சிக்கும். வாசற்படி ஏற, நான்கடி நீளப் பலகையின்மேல் கோணியை இறுகக் கட்டிச் சாய்வாக வைக்கலாம். ஓரடி உயரத்துக்குக் குறைந்தது மூன்று, நான்கடி நீளம் இருந்தால்தான் சாய்வு எளிதாக இருக்கும்.

நகம் வளர்ந்து தரையில் தட்டும் ஓசை கேட்டால் வெட்டிவிட வேண்டும். நீண்ட நகம் பாதத்தைப் பின்னுக்குத் தள்ளி எல்லா மூட்டுகளின் நிலையையும் கெடுக்கிறது. விரலிடுக்கில் வளர்ந்த முடியையும் கத்தரித்தால் வழுக்குவது குறையும்.

நடைப் பயிற்சி

மூட்டு வலிக்கு முழு ஓய்வு மருந்தல்ல. அதே சமயம் வாரம் முழுதும் கட்டிவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓடவிடுவதும் கெடுதல். ஒரே அளவாக நாள்தோறும் நடத்த வேண்டும். தொடக்கத்தில் பத்து நிமிட நடையாக நாளைக்கு மூன்று முறை போதும். கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்தினால்தான் நான்கு கால்களையும் ஊன்றும். ஓடவிட்டால் வலிக்கும் காலைத் தூக்கிக்கொள்ளும். மறுநாள் காலை விறைப்பு கூடியிருந்தால் நடையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கூடவில்லை என்றால் வாரத்துக்கு இரண்டொரு நிமிடமாக உயர்த்தலாம்.

மண் பாதையும் ஈரமான கெட்டி மணலும் நடைக்கு ஏற்றவை. கால் புதையும் உலர்ந்த மணல் மூட்டை வருத்தும். வெயிற்காலத்தில் காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை வெயில் தாழ்ந்த பின்பும் மட்டுமே நடத்த வேண்டும். தார்ச்சாலை பாதத்தைச் சுடும், பருத்த நாய்க்கு வெப்பத் தாக்கமும் எளிதில் வரும். கொள்கலன் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தைத் தவிர்ப்பது நல்லது. நீந்துதல் மூட்டுக்குச் சிறந்த பயிற்சியே ஆயினும், எண்ணூர்க் கழிமுகத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் நாயை இறக்கக்கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை இப்பகுதியினர் அறிவர். நாயின் உடலில் எண்ணெய் ஒட்டினால் நக்கி விழுங்குவதற்குள் சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும்.

உட்கார வைத்து எழுப்பும் பயிற்சியை, நாய் தாங்கும் அளவுக்கு, வேளைக்கு ஐந்து முறை செய்யலாம். இது தொடைத் தசையை வலுவாக்கும். எழ முடியாத நாய்க்குப் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து அடிவயிற்றின்கீழ் தூளிபோல் கொடுத்துப் பின்பகுதியைத் தூக்கி உதவலாம். வாலையோ பின்கால்களையோ பிடித்து இழுக்கக்கூடாது.

நாயை எப்போதும் கட்டிவைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டிவைக்கும் நாய்க்கு நடை கொடுக்காமலிருப்பதும் குற்றமே. பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி பிராணியைக் கைவிடுவதும் அதே பிரிவில் அடங்கும்.

ஒத்தடமும் தடவலும்

நாள்பட்ட விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம் அல்லது வறுத்த கல்லுப்பைத் துணியில் முடிந்த ஒத்தடம் சுகம் தரும். முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, தாங்கும் சூடாக இருந்தால் மட்டுமே நாய்க்கு வைக்கலாம். நடைக்கு முன் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் நாய் எளிதில் எழும். புதிதாக அடிபட்டு வீங்கிய மூட்டுக்கு முதல் இரண்டு நாட்கள் சூடு கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியே ஏற்றது. தொடைத் தசையை விரல்களால் மென்மையாகப் பிடித்துவிடலாம். வலிக்கும் மூட்டின் மேலேயே அழுத்தக்கூடாது.

கூடாதவை சில இங்கே குறிப்பிடத்தக்கவை. மூட்டில் சூடு போடுவது புண்ணையும் சீழையும் உண்டாக்குமே அன்றி வலியைத் தீர்க்காது. மண்ணெண்ணெய், வண்டிகளின் கழிவு எண்ணெய் ஆகியவற்றைத் தடவும் வழக்கம் தொழிற்சாலைப் பகுதிகளில் உண்டு. அவை தோலை வேகவைப்பதோடு, நக்கினால் நஞ்சாகும். மனிதர் பூசும் வலித் தைலங்களில் கற்பூரமும் விண்டர்கிரீன் எண்ணெயும் இருப்பதால் அவையும் நாய்க்கு ஆகா.

வலி மருந்துகள்

மேற்கண்டவற்றைச் செய்தும் வலி தணியாவிட்டால் மருந்து தேவைப்படும். வலியோடு இருக்கும் நாய் நடக்காது, நடக்காவிட்டால் தசை வளராது. ஆகவே மருந்தைத் தள்ளிப்போடுவதும் தவறு. ஆனால் அதைத் தீர்மானிப்பவர் கால்நடை மருத்துவராகவே இருக்க வேண்டும்.

நாய்களுக்கு வழக்கமாக எழுதப்படும் மலிவான மருந்து மெலாக்சிகாம். நாய்க்கு இதன் தொடர் அளவு கிலோ எடைக்கு 0.1 மில்லிகிராம். அப்படியானால் 40 கிலோ நாய்க்கே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம்தான். மனிதருக்கான மாத்திரை 7.5, 15 மில்லிகிராம் அளவுகளில் வருகிறது. "பெரிய நாய்தானே" என்று முழு மாத்திரையைத் தினமும் கொடுத்தால் இரண்டு மடங்கு முதல் நான்கு மடங்கு வரை மருந்து போய்ச் சேரும். குடலில் புண்ணும் சிறுநீரகப் பழுதும் ஏற்படும். டைக்ளோபினாக், ஐபுப்ரூபென் மாத்திரைகள் நாய்க்கு மிகவும் ஆபத்தானவை. டைக்ளோபினாக் கொடுத்த மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததால், கால்நடைகளுக்கு அம்மருந்தை 2006-இல் மத்திய அரசு தடை செய்தது. மாடு வளர்ப்போரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மருந்து கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. உணவுக்குப் பின்பே கொடுக்க வேண்டும். குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும்.
2. இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.
3. வாந்தி, தார்போன்ற கறுத்த மலம், தீனி மறுப்பு தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
4. மாதக் கணக்கில் கொடுப்பதாயின் சிறுநீரகம், கல்லீரல் நிலையை அறிய இரத்தப் பரிசோதனை தேவை.
5. எடை குறைந்து நடை சீரானதும் மருந்தைக் குறைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். பல நாய்களுக்கு மழைக்காலத்தில் மட்டும் மருந்து போதுமானதாக இருக்கும்.

ஸ்டீராய்டு ஊசி போட்ட மறுநாளே நாய் துள்ளி நடப்பதைக் கண்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்போர் உண்டு. அந்தச் சுகம் சில நாட்களே. தொடர்ந்து போட்டால் பசி கூடி உடல் பருக்கும், தசை மெலியும். மூட்டுக்கு இரண்டுமே பகை.

குளுக்கோசமைன் கலந்த மூட்டு மருந்துகள் விலை அதிகம். அவற்றால் நாய்களுக்கு உறுதியான பயன் இருப்பதாக ஆய்வுகள் நிறுவவில்லை. கையில் உள்ள பணம் குறைவு என்றால் அதை மீனுக்கும் படுக்கைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் செலவிடுவதே மேல். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் மூட்டுத் தேய்மானத்தைச் சரிசெய்யாது.

குட்டியிலேயே தடுத்தல்

பெரிய இனக் குட்டி விரைவில் பருக்க வேண்டும் என்று அளவுக்கு மீறி ஊட்டுவதும், கூடுதலாகச் சுண்ணாம்பு மருந்து கொடுப்பதும் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். குட்டிகளை வழுக்கும் தரையில் வளர்க்கக்கூடாது. இடுப்புக் கோளாறு பரம்பரையாக வருவதால், இளவயதிலேயே நொண்டும் நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. குட்டி வாங்குவோர் தாயும் தந்தையும் நடப்பதை நேரில் பார்த்து வாங்குவது நல்லது. இப்பகுதியின் வெப்பத்துக்கும் உழவர் வீட்டுச் செலவுக்கும் கனத்த அயல் இனங்களைவிட நம் நாட்டு நாய்களே ஏற்றவை.

எந்த வரிசையில் செய்வது?

முதல் வாரத்தில் மருத்துவரிடம் காட்டி நோயை உறுதி செய்து, வெறிநோய்த் தடுப்பூசி விடுபட்டிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும். மாநகராட்சி எல்லைக்குள் வளர்க்கும் நாய்க்கு உரிமமும் பெற வேண்டும். அதே வாரத்தில் எடை பார்த்து, நகம் வெட்டி, படுக்கையும் கோணி விரிப்பும் அமைக்க வேண்டும். இரண்டாம் வாரம் முதல் தீனியை அளந்து வைத்து, நடையைத் தொடங்க வேண்டும். நான்கு வாரம் கழித்து மூன்றைக் குறித்துப் பார்க்க வேண்டும்: எடை எவ்வளவு, காலையில் எழ எவ்வளவு நேரம் ஆகிறது, நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறது. இந்த மூன்றிலும் முன்னேற்றம் இல்லையெனில் அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டி மருந்தை மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தும் சில நாய்கள் இறுதிக் கட்டத்தை அடையும். எழ முடியாமல், தீனி மறுத்து, படுத்த இடத்திலேயே மலம் கழித்து, மருந்துக்கும் வலி அடங்காத நிலையில், துன்பமின்றி உயிரை அடக்குவது பற்றிக் கால்நடை மருத்துவரிடமே கலந்து பேச வேண்டும். தெருவில் விடுவதும் நஞ்சு வைப்பதும் ஒருபோதும் ஆகா.

பத்தாண்டுக் காலம் இரவு விழித்து மாட்டையும் மகசூலையும் காத்த நாய்க்கு முதுமையில் ஒரு காய்ந்த படுக்கை, அளவான தீனி, நாளுக்கு அரைமணி நடை ஆகியவற்றை அளிப்பது எந்தச் சிறு உழவருக்கும் இயலக்கூடியதே. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இவற்றைச் செய்து முடித்தால் குளிர்கால விறைப்பிலிருந்து நாயைப் பெரிதும் காக்கலாம்.